செத்த மாட்டுக்கு நிவாரணம், பசித்த மாட்டுக்கு?

(செப்டம்பர் 15 தியாகிகள் நினைவை ஒட்டி, மட்டாஞ்சேரியில் தமிழ்த் தோழர்கள் கூட்டிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

என்னுடைய வேலை மொழிபெயர்ப்பு. மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. கட்சி ஆவணங்களையும் தீர்மானங்களையும் சில வேளைகளில் அரசாணைகளையும் தமிழாக்கித் தருகிறவன் நான். இன்று பேச வந்திருப்பதற்குக் காரணம் ஒரு கேள்வி. சென்ற முறை இங்கே வந்தபோது, செல்லானத்தில் இரண்டு பசுக்களும் சில ஆடுகளும் வைத்திருக்கும் ஓர் அம்மையார் அதைக் கேட்டார். கடல் ஏறி வந்தது, தோட்டத்தில் நின்றது, வடிந்தது. மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக் காப்பாற்றிவிட்டார். உப்பு நீர் நின்ற இடத்தில் புல் கருகிவிட்டது. அடுத்த மழையிலும் சரியாகத் தழைக்கவில்லை. நிவாரணம் கேட்டுப் போன இடத்தில் அவரிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை மாடு செத்தது? ஒன்றும் சாகவில்லை என்று அவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிட்டது. “மாட்டைக் காப்பாற்றினது என் குற்றமா, அண்ணா?” என்று என்னிடம் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகுதான் அந்த விதிமுறை ஆவணத்தை எடுத்து, மொழிபெயர்ப்பவனுக்கே உரிய வகையில், சொல் சொல்லாகப் படித்தேன்.

பேரிடர் காலத்தில் யாருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை மாநிலங்கள் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. ஒன்றிய உள்துறை அமைச்சகம் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. மாநிலப் பேரிடர் நிதியிலிருந்தும் தேசியப் பேரிடர் நிதியிலிருந்தும் எந்த இனத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பதற்கான பட்டியல் அது. நான் படித்தது 2022-23 முதல் 2025-26 வரைக்கும் உரியது. அதில் கால்நடை வளர்ப்போருக்கென ஒரு பகுதி உண்டு. பசுவோ எருமையோ இறந்தால் 37,500 ரூபாய். ஆடு, செம்மறி, பன்றி இறந்தால் 4,000. உழவு மாடு, குதிரை, ஒட்டகம் 32,000. கன்று, கழுதை போன்றவை 20,000. கோழி ஒன்றுக்கு 100. ஒரு குடும்பத்துக்கு மூன்று பெரிய கறவை மாடுகள் அல்லது முப்பது ஆடுகள் வரைதான். அதற்குமேல் எத்தனை போனாலும் கணக்கில் வராது. இறந்தது ‘பொருளாதாரப் பயன்தரும்’ கால்நடையாக இருக்க வேண்டும்; அதற்கு உரிய அதிகாரி சான்று தர வேண்டும். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட ஆட்டுக்குச் சான்று வாங்க அலைந்தவர்களுக்கு அந்த வரியின் எடை தெரியும்.

இனி, உயிரோடிருக்கும் மாட்டுக்கு என்ன இருக்கிறது என்று பார்த்தேன். இரண்டு வரிகள் இருக்கின்றன. அரசு கால்நடை முகாம் அமைத்தால், அந்த முகாமுக்குள் தீவனம், தண்ணீர், மருந்து ஆகியவற்றுக்காகப் பெரிய கால்நடைக்கு நாளொன்றுக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45 ரூபாய். பொதுவாக முப்பது நாள், நீட்டித்தால் அறுபது, கடும் வறட்சி என்றால் தொண்ணூறு. முகாமுக்கு வெளியே, அவரவர் தொழுவத்தில் நிற்கும் மாட்டுக்கு? அதற்கும் ஒரு வரி உண்டு. தீவனத்தைக் கொண்டுசேர்க்கும் போக்குவரத்துச் செலவு வழங்கப்படும். தோழர்களே, இந்த வரியை நான் மூன்று முறை படித்தேன். என் ஆங்கிலத்தில்தான் பிழையோ என்று ஐயுற்றேன். பிழையில்லை. வைக்கோல் ஏற்றிவரும் லாரிக்கு வாடகை உண்டு. லாரியில் இருக்கும் வைக்கோலுக்கு விலை இல்லை. மேய்ச்சல் அழிந்ததற்கு என்று ஒரு சொல்கூட அந்தப் பகுதியில் இல்லை.

பயிருக்கு இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 விழுக்காடு, அல்லது அதற்குமேல் சேதமானால் மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. இவையும் போதா என்பது விவசாயச் சங்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருவது. ஆனால் ஒரு கணக்காவது இருக்கிறது. வயலில் நெல் அழிந்தால் பேரிடர். அதே வயலின் வரப்பில், வாய்க்கால் கரையில், தென்னந்தோப்பின் அடியில் புல் அழிந்தால் அது வெறும் இயற்கை. நெல்லுக்குப் பட்டா இருக்கிறது. புல்லுக்குப் பட்டா இல்லை என்பதுதான் வேறுபாடு. நிலமற்ற குடும்பம் வளர்க்கும் மாடும் ஆடும் பெரும்பாலும் பட்டா இல்லாத புல்லைத் தின்றே வாழ்கின்றன. ஆகவே, இது ஏதோ எழுத்தர் மறந்துவிட்ட ஒரு வரி என்று நான் கருதவில்லை. சொத்துடையவனின் இழப்பை மட்டுமே இழப்பாகக் காணும் கண் இது.

மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் நாளேடுகள் ‘வெள்ள இழப்பீடு’ என்று தயங்காமல் எழுதுகின்றன, நானும் எழுதியிருக்கிறேன். அது தவறு. மூல ஆவணம் ‘உதவி’ என்ற சொல்லையே ஆள்கிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம் உள்துறை அமைச்சகம் ஒரே விடையை அளித்துவருகிறது: இது நிவாரணம் மட்டுமே, நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது அன்று. ‘இழப்பீடு’ என்று நாம் எழுதும்போது அரசு ஏற்காத ஒரு கடமையை ஏற்றுவிட்டதாகப் படிப்பவர் எண்ணிக்கொள்கிறார். அரசு கொடுப்பது இரக்கம். நாம் கோருவது கடமை. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை மொழிபெயர்ப்பில் மறைக்கக் கூடாது என்பது இப்போது என் முடிவு.

மாடு சாகும் முன்பே நிகழும் இழப்பு எப்படிப்பட்டது என்பதற்கு நான் நூல்களைத் தேட வேண்டியதில்லை. என் அப்பத்தா கமுதிப் பக்கம். நான் பள்ளியில் படித்த காலத்தில் ஒரு வறட்சி ஆண்டில், கண்மாய்க்குள் இருந்த கடைசிக் கோரையும் தீர்ந்த பிறகு, அவர் ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டச் சொன்னார். அன்று ஊரே ஓட்டியது. எல்லாரும் விற்க வந்தால் விலை என்ன ஆகும்? வியாபாரி கைத்துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொன்ன விலையைக் கேட்டு அப்பத்தா ஒன்றும் பேசாமல் கயிற்றைக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு மழை பெய்தது. புல் முளைத்தது. மேய்க்க ஆடு இல்லை. திரும்ப ஒரு மந்தை சேர அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது வேறு கதை.

விதிமுறையின் கண்ணோடு இதைப் பாருங்கள். அப்பத்தாவுக்கு இழப்பே இல்லை. ஓர் ஆடும் சாகவில்லை. முன்யோசனையோடு விற்றவருக்கு ஒன்றுமில்லை. கடைசிவரை வைத்திருந்து சாகவிட்டவருக்கு மட்டும் நிவாரணம். கறவை மாட்டிலும் இதுதான் கதை. தீவனம் குறைந்தால் மாடு உடனே சாவதில்லை. முதலில் பால் குறையும். பிறகு சினை பிடிக்காது. நாளுக்கு இரண்டு லிட்டர் குறைகிறது, லிட்டர் 45 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அறுபது நாளில் 5,400 ரூபாய் போய்விட்டது. அதே அறுபது நாளும் வைக்கோலுக்குக் கூடுதல் விலை கொடுத்திருப்பார். மாடு வாங்கிய கடனுக்குத் தவணை நிற்காது. கடன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இல் 13-ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கடுமையான பேரிடர்களில் கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகை அளிக்கப் பரிந்துரைக்கும் அதிகாரத்தை அது தேசிய ஆணையத்துக்குத் தந்திருந்தது. 2025-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. 2024 ஜூலை 30 அன்று முண்டக்கை-சூரல்மலையில் நிலம் சரிந்து எல்லாம் இழந்தவர்களின் கடன் வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தில் இருக்கும் காலத்திலேயே இது நடந்தது.

இது செல்லானத்தின் சிக்கலாக மட்டும் நின்றுவிடவில்லை. கேரளத்தின் தொழுவங்களுக்கு வைக்கோல் பெரும்பாலும் மலைக்கு அப்பாலிருந்து வருகிறது. வாளையார் வழியாகத் தமிழ்நாட்டு வைக்கோல். வயநாட்டுப் பக்கம் கர்நாடகத் தீவனம். 2023-இல் கர்நாடகத்தில் 223 தாலுகாக்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அந்த ஆண்டின் இறுதியில் அங்குள்ள எல்லை மாவட்டங்கள் உலர்தீவனம் கேரளத்துக்குச் செல்லத் தடை விதித்தன. வயநாட்டுப் பால் உற்பத்தியாளர் திகைத்து நின்றார். வயநாட்டில் அப்போது பேரிடர் ஏதும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் அங்கே மாடு பட்டினி. இதை வைத்துக் கர்நாடகத்தார் மீது சினம் கொள்ளுமாறு தூண்டியவர்களும் உண்டு. அவர்களும் தங்கள் மாட்டுக்குத்தான் தீவனத்தைப் பிடித்து வைத்தார்கள். அந்த மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்டது 18,171 கோடி ரூபாய். மாதக்கணக்கில் பதில் இல்லாமல் உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகு, 2024 ஏப்ரலில் கிடைத்தது 3,454 கோடி. மேலே கதவை அடைத்துவிட்டால் கீழே இரண்டு மாநில உழைப்பாளிகள் ஒரு கட்டு வைக்கோலுக்காக ஒருவரையொருவர் பார்த்து முறைக்க வேண்டியதுதான்.

தமிழ்நாட்டில் முன்பு ஒரு வழி கையாளப்பட்டது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டபோது உலர்தீவனக் கிடங்குகள் திறக்கப்பட்டு, வைக்கோல் மானிய விலையில் தரப்பட்டது. முகாமுக்கு மாட்டை ஓட்டிப்போகும் முறை மகாராஷ்டிரத்துக்குப் பொருந்தலாம். அங்கே 2019 கோடையில் லட்சக்கணக்கான மாடுகள் முகாம்களில் நின்றன, குடும்பத்தில் ஒருவர் மாட்டோடு அங்கேயே படுத்துக் கிடந்தார். பால் ஊற்றும் குடும்பத்தால் அது முடியாது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணால் அறவே முடியாது. தீவனம் மாட்டிடம் வர வேண்டும். ஆகவே கிடங்கு முறை மேலானது என்பது என் எண்ணம். ஆனால் அது அந்தந்த அரசின் மனத்தைப் பொறுத்தது. உரிமையாக எங்கும் எழுதப்படவில்லை.

சரி, மேய்ச்சல் இழப்பை உலகில் யாராவது கணக்கிட்டுக் கொடுக்கிறார்களா? கொடுக்கிறார்கள். முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் நுழைந்து, 2014-இல் நிரந்தரமாக்கப்பட்ட ஒரு திட்டம் உண்டு. வறட்சியால் மேய்ச்சல் நிலம் காய்ந்தால், மாடு சாக வேண்டியதில்லை. மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காட்டை அளவாகக் கொண்டு பணம் தரப்படும். வாரந்தோறும் வெளியாகும் வறட்சி வரைபடம்தான் சான்று. 2014 சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் கடும் வறட்சி எட்டு வாரம் தொடர்ந்தால் ஒரு மாதத் தொகை. உச்ச வறட்சி நீடித்தால் ஐந்து மாதத் தொகை வரை. அதைப் புகழ வரவில்லை. நிலம் சொந்தமாகவோ குத்தகையாகவோ வைத்திருக்கும் பண்ணையாருக்கே அது போகிறது; அந்தப் பண்ணையில் கூலிக்கு மாடு மேய்ப்பவருக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ‘புல்லின் இழப்பை அளக்க முடியாது’ என்று நம் அதிகாரிகள் சொன்னால், அளந்து காட்டியிருக்கிறார்கள் என்று நாம் பதில் சொல்லலாம்.

கென்யாவில் நிலம் பொது, மேய்ப்பவர்கள் இடம்பெயர்பவர்கள். அங்கே 2010-இல் மார்சபிட் பகுதியில் ஒரு காப்பீடு தொடங்கியது. செயற்கைக்கோள் படத்தில் தரையின் பசுமை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் பணம். 2015-இல் அரசே பிரீமியத்தைச் செலுத்தும் திட்டமாக அது விரிந்தது. மாடு சாவதற்கு முன்பே தீவனம் வாங்கக் கையில் பணம் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. காப்பீட்டு நிறுவனங்களின் வழியாகச் செல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பயிர்க் காப்பீட்டில் நாம் பட்டது போதும். எனினும், நம் மலபார் மில்மா ஒன்றியமே வெப்பம் ஓர் அளவைத் தாண்டி நீடித்தால், மாடு சாகாவிட்டாலும், பால் குறைவுக்காகப் பணம் தரும் காப்பீட்டை அறிமுகப்படுத்தியிருக்கிறது. கூட்டுறவால் கண்டுகொள்ள முடிந்த இழப்பு ஒன்றிய அரசின் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை?

அளப்பது எப்படி என்ற கேள்விக்கு நாமே விடை வைத்திருக்க வேண்டும். வெறுமனே ‘நிவாரணம் வழங்கு’ என்று முழங்கினால், ‘ஆதாரம் எங்கே’ என்பார்கள். பால் சங்கத்தில் நாள்தோறும் ஊற்றும் கணக்கு இருக்கிறது. பேரிடருக்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் ஒப்பிட்டால் குறைவு தெரியும். மாடுகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண் கொண்ட வில்லை மாட்டியிருக்கிறார்கள். அது மாட்டைக் கண்காணிக்க மட்டும்தானா? ஆடுகளுக்குத் தடுப்பூசிப் பதிவேடு உண்டு. வறட்சியை வகைப்படுத்த 2016-ஆம் ஆண்டு வறட்சிக் கையேடு செயற்கைக்கோளின் பசுமைக் குறியீட்டை ஏற்கெனவே பயன்படுத்துகிறது. வறட்சி ‘கடுமையானது’ அல்ல என்று மெய்ப்பித்து மாநிலத்துக்குப் பணத்தை மறுக்க உதவும் அதே படம், புல் இல்லை என்று மெய்ப்பிக்கவும் உதவும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. புல்லுக்கு நிவாரணம் கேட்பதற்கு முன், புல் முளைக்கும் இடம் மிஞ்ச வேண்டும். இங்கே பஜார் வீதியில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவே திரியும் ஆடுகளைச் சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். அவற்றுக்கு மேய வேறு இடம் இல்லை என்பது படத்தில் தெரியாது. ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்றொரு மைதானம் இருக்கிறது. சென்னையில் ‘மந்தைவெளி’ என்றோர் ஊர்ப்பெயர் இருக்கிறது. (தமிழ் முதுகலை படித்தவனிடம் பேசச் சொன்னால் இப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.) பெயர் இருக்கிறது, மந்தை இல்லை. 1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காட்டை அடைத்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதே மாதத்தில் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டமோ மேய்ச்சலை, இடம்பெயர்ந்து மேய்ப்பவரின் பருவகால உரிமை உட்பட, உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது. தேனி மலைமாடு வளர்ப்பவரும் இராமநாதபுரத்துக் கீதாரியும் அந்தச் சட்டத்தின் வாசலிலேயே நிற்கிறார்கள். பேரிடர் என்று ஒன்று தனியாக வந்து அவர்களைத் தாக்க வேண்டியதில்லை.

செல்லானத்துக்குத் திரும்புகிறேன். கடல் ஏற்றம் ஒன்றிய அரசின் பன்னிரண்டு பேரிடர்களின் பட்டியலில் இல்லை. கேரள அரசு கடலரிப்பை மாநிலத்துக்குரிய பேரிடராக அறிவித்திருப்பதால், மாநில நிதியில் பத்து விழுக்காடு என்ற வரம்புக்குள் செலவு செய்யலாம். அங்கேயும் தொகைக்கு அளவு அதே ஒன்றியப் பட்டியல்தான். டெட்ராபாட் சுவர் எழுந்த பகுதியில் நிலைமை மேம்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. சுவர் எட்டாத இடத்தில் உப்பு இன்னும் ஏறுகிறது. மாநிலத்தில் எந்த அரசு இருந்தாலும், அந்தப் பத்து விழுக்காட்டுக்குள்ளாவது உப்பு ஏறிய மேய்ச்சலுக்கு ஒரு வரி எழுத வழி தேட வேண்டும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். நம்மவர்களிடமும் கேட்க வேண்டும்.

இப்போது ஏன் இவ்வளவு அவசரம் என்றால், அந்த விதிமுறையின் காலம் 2026 மார்ச் மாதம் வரைதான். அதற்கு அடுத்த பட்டியலில் இது இடம்பெற வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு ஆண்டுக்கணக்கில் அதைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள்.

இந்த ஊரில் 1953 செப்டம்பர் 15 அன்று நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்கான சாப்பாவைக் கூட்டத்துக்குள் வீசி எறிந்தார்கள். முட்டி மோதிப் பொறுக்கியவனுக்கு அன்றைக்கு வேலை. அதற்கு எதிரான போராட்டத்தில் சைது, சைதலவி, ஆன்றணி ஆகிய மூவரை நாம் இழந்தோம். சாப்பாவின் எண்ணிக்கையைக் கூட்டித் தாருங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எறியாதே என்றார்கள்.

மனுவின் தமிழ்ப் படியும் மலையாளப் படியும் மேசைமீது இருக்கின்றன. கேட்டிருப்பவை நான்கு. மேய்ச்சல் இழப்பு என்ற தனி இனம். மாடு இறக்க வேண்டும் என்ற நிபந்தனை இன்றி, தீவனத் தொகை நேரே வளர்ப்பவரின் கணக்கில். பட்டா கேட்காமல், பால் சங்கக் கணக்கும் தடுப்பூசிப் பதிவும் சான்றாக ஏற்கப்படுதல். முகாமுக்கு வெளியே இருக்கும் மாட்டுக்கு லாரி வாடகையோடு தீவனத்தின் விலையும். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். ‘வளர்ப்பவர்’ என்று நான் எழுதியிருக்கும் இடத்தில், கூலிக்கு மேய்ப்பவரும் அடங்குவாரா என்று ஒரு தோழர் வரும் வழியில் கேட்டார். அடங்கவில்லை. அந்த வரியை இங்கேயே திருத்திவிடலாம், பேனா கொண்டுவந்திருக்கிறேன்.